காரானின் குட்டை

மூங்கில் காட்டில் ஓர் ஓடை ஓடியது. ஒரு பெருமழையில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து அதை அடைத்துவிட்டது. தண்ணீர் தேங்கிக் குட்டையாயிற்று. காரான் என்ற எருமைக்கடாவுக்கு ஒரே கொண்டாட்டம்! பகலெல்லாம் அந்தச் சேற்றில் புரண்டான்.

கொஞ்ச நாளில் மான்களுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. இரண்டு குட்டிகள் இறந்தே போயின.

"மான்கள்தான் நோயைக் கொண்டுவந்தன. துரத்துங்கள்!" என்றான் காரான்.

சுழலி என்ற நீர்நாய் முன்னால் வந்தாள். "காரான் அண்ணே, நோய் உங்கள் குட்டையில்தான் இருக்கிறது. அதில் கொசுப்புழு நெளிகிறது. மரத்தை நகர்த்தினால் தண்ணீர் ஓடிவிடும்."

"என் சேற்றைப் பார்த்து உனக்குப் பொறாமை!" என்று காரான் சீறினான்.

அவன் கொம்புக்குப் பயந்து மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. மான்கள் அழுதுகொண்டே மலைமேட்டுக்குப் போயின.

சுழலி விடவில்லை. ஒருநாள் மேட்டுக்கே போய்ப் பார்த்தாள். அங்கே கொசு இல்லை. படுத்துக் கிடந்த மான்கள்கூட எழுந்து மேய்ந்துகொண்டிருந்தன. திரும்பி வந்தால், கீழே முயல்கள் குளிர்காய்ச்சலில் நடுங்கிக் கிடந்தன!

அவள் எல்லோரையும் கூட்டினாள். "மான்கள் போய்விட்டன. காய்ச்சல் ஏன் போகவில்லை?"

"அப்படியானால் முயல்களையும் துரத்துவோம்!" என்றான் காரான்.

"அப்புறம் நம் கன்றையும் துரத்துவீர்களா?" என்று கேட்டாள் அவன் மனைவி செம்பி. "காலையிலிருந்து அவன் உடம்பு கொதிக்கிறது. வந்து தொட்டுப் பாருங்கள்!"

காரான் ஓடிப்போய்க் கன்றைத் தொட்டுப் பார்த்தான்.

செம்பி நேராகப் போய் மரத்தை முட்டினாள். நீர்நாய்கள் அடிமண்ணைப் பறித்தன. பன்றிகள் கரையைக் கிளறின. மரம் அசையவில்லை. கடைசியில் காரான் வந்தான். மனைவியின் பக்கத்தில் நின்று, மூச்சைப் பிடித்து முட்டினான்.

மடார்! மரம் புரண்டது. தண்ணீர் பாய்ந்தது. கூடவே வந்த மீன்கள் மிச்சமிருந்த புழுக்களைத் தின்று தீர்த்தன. நீர் தேங்கிய பள்ளங்களைப் பன்றிகள் மண் தள்ளி மூடின. கன்று பிழைத்தது, முயல்களும் தேறின.

காரான் மலைமேட்டுக்குப் போனான். குட்டியைப் பறிகொடுத்த தாய்மான் முன்னால் தலைகுனிந்து நின்றான். "உன் குட்டியை என்னால் திருப்பித் தர முடியாது, தாயே. ஆனால் நீங்கள் எல்லோரும் வரவேண்டும்."

தாய்மான் கீழே ஓடைப் பக்கம் பார்த்தது. "ஓடை ஓடுகிறதா?"

"ஓடுகிறது."

தாய்மான் முதல் ஆளாகக் கீழே இறங்கியது.

நோயாளியைத் துரத்தினால் நோய் போகாது. நோய் பிறக்கும் இடத்தைச் சுத்தம் செய்தால்தான் போகும்.