தேர் கழுவிய தண்ணீர்

செம்பாறை நாட்டுத் தளவாய் காளிங்கராயர் ஒரு நாள் காலையில் அல்லிக்குளத்தில் முங்கி எழுந்தார். முங்கும்போது அவர் மீசை வெள்ளை. எழும்போது கறுப்பு. படித்துறையில் நின்ற பெண்கள், தளவாய்க்குப் பத்து வயது குறைந்துவிட்டதென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மீசையில் ஒட்டியது வண்டி மை. சக்கரம் கிறீச்சிடாமல் சுழல, விளக்கெண்ணெயும் கரியும் குழைத்து அச்சில் தடவுவார்களே, அதுதான். அது குளத்துக்கு எப்படி வந்தது? எல்லாம் வெள்ளையன் புண்ணியம்.

வெள்ளையன் தேர் கழுவுகிறவன். தேரை அவனிடம் கொண்டுபோக வேண்டாம். தண்ணீர்ச் சாலும் தேங்காய் நாரும் நுரைக்கிற பூவந்திக்கொட்டைப் பொடியும் ஏற்றிய மாட்டுவண்டியோடு அவனே பெரிய மனிதர்களின் வாசலுக்கு வருவான். அவன் கழுவிய தேரில் முகம் பார்க்கலாம். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதை மட்டும் அவன் பார்த்ததே இல்லை. வீதியோ நல்ல சரிவு. சரிவின் அடியில் குளம். ஊரே குடிக்கிற குளம்!

தளவாய் ஈர மீசையோடு, வெள்ளையனையும் இழுத்துக்கொண்டு சபைக்கு வந்து குதித்தார். "இவனை நாடு கடத்துங்கள், மன்னா!"

வெள்ளையன் கையெடுத்துக் கும்பிட்டான். "தப்புதான் சாமி. குளத்துக்குப் போறது தெரியாமப் போச்சு. ஊரைவிட்டுத் துரத்திடாதீங்க. பொண்டாட்டி நிறைமாசமா இருக்கா. இந்த நிலையில எங்க கூட்டிட்டுப் போவேன்?"

மன்னர் வில்லவராயர் யோசித்தார். பத்து நாளில் வசந்த விழா. அழுக்குத் தேர்கள் ஊர்வலம் போனால் பக்கத்து நாட்டு ராஜாக்கள் சிரிப்பார்கள். "சரி, கழுவு. ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீரும் வீதியில் ஓடக்கூடாது."

"வேறெங்காவது கொட்டுவான்!" என்றார் தளவாய். "ஆறு, வயல், பொட்டல், இந்த நாட்டு மண்ணில் எங்கேயுமே கொட்டக்கூடாது என்று சொல்லுங்கள்."

"அப்படியே ஆகட்டும்! கொட்டினால் அன்றைக்கே நீ எல்லைக்கு அப்பால்," என்றார் மன்னர். யோசிக்காமல் உத்தரவு போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

வெள்ளையன் நேரே கூத்தபிரானிடம் ஓடினான். கூத்தபிரான் அரசவை விகடகவி. மன்னருக்கு அவர் இல்லாமலும் பொழுது போகாது, அவர் இருந்தால் நிம்மதியும் இருக்காது.

"மெழுகுசீலை வச்சிருக்கியா?" என்று கேட்டார் கூத்தபிரான்.

"மழைக்கு வண்டி மேல போடுறதுதானே? இருக்குங்க."

"அதைத் தேருக்கு அடியில விரி. நாலு ஓரத்துக்கும் கீழே மணல் மூட்டை வச்சு வரப்பு மாதிரி தூக்கிவிடு. சாக்கடை வாயைக் களிமண்ணால அடைச்சிரு. தண்ணிய வாரி இறைக்காத, துணிய நனைச்சுத் துடை. சீலையில தேங்குறத மொண்டு பானையில ஊத்து. பானை மேல யார் தேருன்னு எழுதி வை."

"அப்புறம் எங்க சாமி கொட்டுறது?"

"கொட்டாத. வச்சிரு."

வெள்ளையன் அப்படியே செய்தான். குளம் தெளிந்தது. வீடு நிறைந்தது. ஒன்பதாம் நாள் நாற்பது பானை! உள்ளே கால் நீட்ட இடமில்லாமல் அவன் மனைவி மாட்டுவண்டியில் படுத்துக்கொண்டு தளவாயைத் திட்டினாள்.

பத்தாம் நாள் காலை, ஊர்வலம் கிளம்பும் முன், பானைகள் சபைக்கு வந்து இறங்கின.

"மன்னா, வெள்ளையன் ஒரு சொட்டும் சிந்தவில்லை," என்றார் கூத்தபிரான். "ஆனால் அழுக்கு அவனுடையது இல்லையே. அவரவர் தேர் அழுக்கை அவரவரே எடுத்துப்போகட்டும்."

தன் பெயர் எழுதிய பானையைப் பார்த்துத் தளவாய் எகிறினார். "இது என் தேர்த் தண்ணீர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

"போன வாரம் தங்கள் தேர் எங்கே போயிற்று?"

"வடக்கெல்லைக்கு! கரிசல் காட்டில், கொளுத்தும் வெயிலில், நான்கு நாள் காவல் காத்தேன்!"

கூத்தபிரான் அந்தப் பானையின் மேல்தண்ணீரை வேறொரு பானைக்கு இறுத்துவிட்டு, அடி வண்டலைத் தாம்பாளத்தில் கவிழ்த்தார். கரிசல் மண் ஒரு பொட்டுக்கூட இல்லை. வெள்ளை மணல், இரண்டு கிளிஞ்சல், ஒரு இறால் தலை.

"வடக்கெல்லைக்குக் கடல் எப்போது வந்தது, தளவாய்?"

சபை அதிர்ந்து சிரித்தது. தளவாய் தன் மீசையையே முதல் தடவை பார்ப்பவர் போலக் குனிந்துகொண்டார். அடுத்த பானை, காய்ச்சலில் படுத்திருந்ததாகச் சொன்ன பொக்கிஷத் தலைவருடையது. அதில் சேவல் இறகு ஒரு கை அளவு. சேவற்கட்டுக்குப் போன காய்ச்சல்! மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் ராணியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கூத்தபிரான் வாய் கட்டிய ஒரு பானையை முன்னால் நகர்த்தினார். "இது சிங்கமுகத் தேர்."

மன்னரின் சிரிப்பு நின்றது. சிங்கமுகத் தேர் அவருடையது. மலைக்கோயிலில் மூன்று நாள் பட்டினி விரதம் என்று ராணியிடம் சொல்லிவிட்டுப் போய், முந்தாநாள்தான் திரும்பியிருந்தார்.

கூத்தபிரான் துணியை அவிழ்த்தார். கையை உள்ளே விட்டார். ராணி முன்னால் சாய்ந்தாள்.

"நிறுத்து!" மன்னர் துள்ளி எழுந்தார். "சபையில் சாக்கடையைக் கிளறுவது என்ன பழக்கம்? வியாதி வந்துவிடும்!"

"எங்கே கொட்டட்டும், மன்னா? நாட்டு மண்ணில்தான் கொட்டக்கூடாதே."

"எவன் சொன்னது? குளத்துக்கு எட்டாத இடத்தில் கல்தொட்டி கட்டுங்கள். மணலும் கரியும் போட்டு வடியவிடுங்கள். இன்றே! வெள்ளையன்தான் அதற்கு அதிகாரி. வேறு எவரும் பானைக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது!"

சொல்லிவிட்டு, தன் முத்துமாலையைக் கழற்றி வெள்ளையன் கழுத்தில் போட்டு, அவசரமாக அவனை வெளியே அனுப்பினார்.

வாசலைத் தாண்டியதும்தான் வெள்ளையனுக்கு மூச்சு வந்தது. ஊரைவிட்டுப் போக வேண்டாம்! பின்னாலேயே வந்த கூத்தபிரானின் காலில் விழுந்து எழுந்தவன், தலையைச் சொறிந்தான்.

"சாமி, ராஜா தேரை நான் கழுவினதே இல்லையே. லாயத்து ஆளுங்கதானே கழுவுவாங்க?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தன் தேரை யார் கழுவுறான்னு ராஜாவுக்கு எங்கடா தெரியும்?"

"அப்போ அந்தப் பானையில இருந்தது?"

"கம்பங்கூழ்," என்றார் கூத்தபிரான், விரலை நக்கிக்கொண்டே. "என் மத்தியானச் சாப்பாடு."