அவங்க என்ற போல்டர்

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், டீக்கடை மாடியில், கல்யாண ஆல்பம் செய்கிற கடை ஒன்று இருந்தது. நடத்துகிறவள் ரெஜினா. அவளிடம் வேலை பழகுகிறவள் பேச்சித்தாய். குருவுக்கு வயது இருபத்தாறு, சிஷ்யைக்கு முப்பத்திரண்டு. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை டீச்சர் என்பாள்.

ஒன்பது நாளாக உட்கார்ந்து பேச்சித்தாய் தனியாகச் செய்த முதல் ஆல்பம் அது. முப்பது பக்கம், இருநூற்று நாற்பது படம். கல்யாணப் பெண் சனிக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறாள். இன்று மூன்று மணிக்குள் அச்சு லேபுக்கு அனுப்பினால்தான் அவள் பெட்டிக்குள் ஆல்பம் போகும்.

பன்னிரண்டரைக்கு ஆல்பத்தைத் திறந்தாள். ஒரு படம் இல்லை. முப்பது பக்கத்திலும் வெறும் சாம்பல் கட்டம், நடுவில் சிவப்புப் பெருக்கல் குறி.

மூடித் திறந்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். தாலி கட்டுகிற பக்கத்தில் மேளக்காரர்கூட இல்லை. போல்டருக்குள் போய்ப் பார்த்தால் எல்லாரும் வரிசையாகச் சிரிக்கிறார்கள். ஆல்பத்துக்குள் வந்தால் ஒருத்தரும் இல்லை. கண் முன்னால் இருப்பதைக் காணோம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? படங்களை இன்னொரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைத்தாள். இப்போது படம் இரண்டு மடங்கு ஆனது. ஆல்பத்தில் அப்போதும் ஒன்றும் இல்லை.

ரெஜினா சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"படம் எல்லாம் போயிருச்சு டீச்சர்."

"எங்கேயும் போகலை. காலையில என்ன செஞ்சீங்க?"

பேச்சித்தாய் கரண்ட் போய் வந்ததைச் சொன்னாள். எலி வயரைக் கடித்திருக்கலாம் என்றாள். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு உள்ளதைச் சொன்னாள்.

முடித்த பக்கம் ஒவ்வொன்றுக்கும் போல்டரின் பேரைத் தட்டி, பக்கத்தில் நம்பர் போட வேண்டும். அது ரெஜினா சொல்லிக் கொடுத்த முறை. போட்டோக்காரர் போல்டருக்கு மாப்பிள்ளை பேரை வைத்திருந்தார். அதுதான் பேச்சித்தாய் வீட்டுக்காரர் பேரும். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்க்கப்பட்டவள். அவரோ லாரி ஓட்டுகிறவர். இன்றைக்குப் பார்த்து புளியரை மலைப்பாதையில் சிமெண்ட் லோடு. முப்பது தடவை அந்தப் பேரைக் கையால் தட்ட அவளுக்கு மனசு வரவில்லை. போல்டர் பேரையே 'அவங்க' என்று மாற்றிவிட்டாள்.

ரெஜினா சிரிக்கவில்லை.

"எங்க வீட்ல அவங்கன்னா எல்லாருக்கும் புரியும் டீச்சர். உள்ள இருக்கது அதே படம்தானே? இதுக்கு மட்டும் ஏன் புரிய மாட்டேங்கு?"

ரெஜினா நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"அதை அப்புறம் பார்ப்போம். ஒரு எட்டு கீழே போய் அவங்களைக் கூட்டிட்டு வாங்கக்கா."

"யாரை?"

"அவங்களைத்தான். பஸ் ஸ்டாண்டுல நிப்பாங்க."

மறுபடி கேட்கக் கூச்சம். பேச்சித்தாய் படியிறங்கி ரோட்டைத் தாண்டினாள்.

செங்கோட்டை பஸ் புறப்படுகிற நேரம். வாழைத்தார் இறக்குகிறவர்கள், பரீட்சை முடிந்து வந்த பிள்ளைகள், எக்ஸ்ரே கவரோடு ஒரு மனிதர். அவளுக்குத் தலை சுற்றியது. எக்ஸ்ரேக்காரரிடம் மட்டும் தைரியத்தை வரவழைத்து, ஆல்பம் கடையில் உங்களையா கூப்பிட்டார்கள் என்று கேட்டாள். இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் மாடி ஏறவா என்றார் அவர். பூக்காரி ஒருத்தி பரிதாபப்பட்டு வந்து, யாரைத் தாயி தேடுதே என்று கேட்டாள்.

"அவங்களை" என்றாள் பேச்சித்தாய்.

பூக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் நிற்காதே, நிழலில் உட்கார் என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பழைய பேர் இல்லாமல் ஆல்பமும் இப்படித்தான் படங்களைத் தேடி நிற்கிறது என்று பேச்சித்தாய்க்கு உறைத்தது. பிறகு மெல்ல மாடி ஏறினாள். சிவப்புப் பெருக்கல் குறிகளின் முன்னால் உட்கார்ந்தாள். மணி இரண்டு.

"நீங்களே தட்டிடுங்க டீச்சர்."

"உங்க ஆல்பம்க்கா."

மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு, அடுப்பில் இருக்கிற பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல, விரல் நுனியால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். போல்டருக்குப் பழைய பேர் வந்தது. ஆல்பத்தைத் திறந்தாள். முதலில் மேளக்காரர் வந்தார். பிறகு பந்தல், அட்சதை, தாலி, எல்லாரும்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகிறாதே டீச்சர்?"

ரெஜினா மேஜையில் கிடந்த போனை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

நாலு தடவை மணி அடித்த பிறகு அவர் எடுத்தார். மலை ஏறி ஆரியங்காவில் டீக்கு நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். இந்த நேரத்தில் என்ன என்று கேட்டார். சும்மாதான் என்றாள். அதற்குள் அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது, போன் அணைந்தது. பேச்சித்தாய் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"என்னக்கா?"

"கூட வந்த டிரைவர் அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு."

"அதுக்கு?"

"இந்தா வாரேன்னாங்க."

ரெஜினா கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இங்கேயும் பேரைச் சொன்னதும் இருநூத்தி நாப்பது படமும் வந்து நிக்கு. முப்பது பக்கம் இருக்குக்கா, பேரைப் போடுங்க."