முட்டைக்கு ஒட்டுப்போட்ட நண்டு

செங்கமலம் என்று ஒரு தவளை. அவள் குடியிருந்த குளத்தின் நடுவே மூன்று கோரைத் தண்டுகள் நின்றன. மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலையில், அந்த மூன்று தண்டுகளிலும் மூன்று கொத்து முட்டையிட்டாள். அதற்குமுன் அவள் முட்டையிட்டதே இல்லை; அதுதான் தலைச்சன் ஈடு.

ஒவ்வொரு முட்டையும் கடுகளவுதான் இருக்கும். மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி வெளுப்பு. எல்லாவற்றையும் சுற்றி வழவழவென்று ஒரு கூழ். பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள் செங்கமலம்.

மற்ற தவளைகள் முட்டையிட்டதும் தங்கள் பாட்டுக்குத் துள்ளிக்கொண்டு போய்விடும். இவள் போகவில்லை. கவலைப்படுவது என்றால் இவளுக்கு அப்படி ஒரு பிரியம்! மேகம் வந்தால் இடி விழுமோ என்பாள். மேகம் போனால் குளம் வற்றுமோ என்பாள். இப்போது முட்டை வேறு வந்துவிட்டதா, கேட்கவே வேண்டாம். கண்ணைக் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சற்று ஏறியது. அப்போது ஒரு முட்டையின் உச்சியில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது.

"தூசியா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டாள். தூசி இல்லை. கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, முட்டையைச் சுற்றி வந்து, நடுவில் சேர்ந்தது. முட்டை இரண்டு பாதியாகத் தெரிந்தது!

"ஐயையோ! உடைஞ்சுபோச்சே!"

பக்கத்து முட்டையைப் பார்த்தாள். அதிலும் கோடு. அதற்கடுத்ததிலும் கோடு. மூன்று கொத்திலும் ஒன்று விடாமல் கோடு! என்ன செய்வது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தண்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

கரையில் ஒரு வளை இருந்தது. அதன் வாசலில் மருதமுத்து என்கிற நண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தவளை முட்டை என்றால் அவனுக்கு உயிர். ஆனால் நடுக் குளத்தில் சேறு. கால் வைத்தால் புதைந்துவிடும். அவனுக்கோ நீந்த வராது. விடிந்ததிலிருந்து அந்த மூன்று கொத்தையும் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தான்.

"என்ன தங்கச்சி, முகமே சரியில்லையே?" என்று அங்கிருந்தபடியே கேட்டான்.

"அண்ணே, என் முட்டையெல்லாம் நடுவுல கோடு விழுந்து ரெண்டா நிக்குது! என்னன்னே தெரியல!"

கோடு என்றால் என்ன என்று மருதமுத்துவுக்கு நன்றாகவே தெரியும். வருஷம் தவறாமல் அதைப் பார்க்கிறவன். ஆனால் கொடுக்கு இரண்டையும் தலைக்குமேல் தூக்கி, "அடக் கொடுமையே!" என்றான். "விடிஞ்சதும் ஒரு இடி இடிச்சுதே, அதுல விரிசல் விட்டிருக்கு தாயி. உடைஞ்ச முட்டையை அப்படியே வச்சிருந்தா அழுகிப்போகும். ஒண்ணு அழுகினா பக்கத்துல இருக்கிறதும் போச்சு!"

"ஐயோ! இப்ப நான் என்ன செய்வேன்?"

"அண்ணன் எதுக்கு இருக்கேன்? இந்தக் கொடுக்கைப் பாரு. இதால அழுத்திப் பிடிச்சு ஒட்டுப்போட்டா, கோடு இருந்த இடம் தெரியாது. வளைக்குள்ள ஈர மண்ணுல வச்சுக் காயவிடணும். நாளைக்கு வந்து வாங்கிட்டுப் போ. ஒவ்வொரு கொத்தா முதுகுல ஏத்திட்டு வா."

செங்கமலம் கொஞ்சம் தயங்கினாள். "அண்ணே, உடைஞ்சா உள்ள இருக்கிறது ஒழுகணுமே? ஒரு சொட்டுகூட ஒழுகலையே?"

"அதான் ஆபத்து! உள்ளுக்குள்ளேயே ஒழுகுது, வெளியில தெரியல. நேரமாகுது, ஓடு!"

பயந்தவளிடம் ஓடு என்று சொன்னால் போதாதா? ஓடினாள். முதல் கொத்தைத் தண்டிலிருந்து நெம்பி எடுத்து முதுகில் ஏற்றினாள். கூழ் பிசுபிசுவென்று முதுகில் ஒட்டிக்கொண்டது. பத்திரமாக நீந்தி வந்து கரையில் இறக்கினாள். மருதமுத்து அதை அலுங்காமல் வாங்கிக்கொண்டு வளைக்குள் போனான்.

அவள் நடுக் குளத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால், நிலைமை இன்னும் மோசம்! மிச்சம் இருந்த முட்டைகளில் குறுக்கே இன்னொரு கோடு. இரண்டாக இருந்தது நான்காகிவிட்டது.

"கடவுளே, நான் போயிட்டு வர்றதுக்குள்ளயா!"

இரண்டாவது கொத்தை முதுகில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கக் கரைக்கு வந்தாள். மருதமுத்து வாசலில் தயாராக நின்றான். அவன் வாயோரத்தில் கூழ் மினுமினுத்தது.

"அண்ணே, வாயில என்னது?"

"பசை, தங்கச்சி. ஒட்டுறதுக்குப் பசை வேண்டாமா? நல்லா மென்னாத்தான் பசை இறங்கும்."

"முதல் கொத்து எப்படி இருக்கு? ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போறேனே!"

"பார்க்கிறதா! காத்துப் பட்டா ஒட்டினதெல்லாம் விட்டுப்போகும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது!"

அவளுக்கு மனசு கேட்கவில்லை. "இன்னொண்ணு கேக்கணும் அண்ணே. படித்துறையில பானை உடைஞ்சு பார்த்திருக்கேன். ஒரு சில்லு பெருசா இருக்கும், ஒண்ணு சிறுசா இருக்கும். இது என்னடான்னா எல்லா முட்டையும் ஒரே மாதிரி, அளந்து வச்ச மாதிரி உடையுதே?"

நண்டுக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. கண்ணைக் குழிக்குள் இழுத்து வெளியே விட்டான். "ஒரே இடிதானே தாயி இடிச்சது? அதனால ஒரே மாதிரிதான் உடையும்! இப்படிக் கேள்வி கேட்டுட்டு நின்னா மூணாவது கொத்தும் தூள்தூளாப் போயிடும். அப்புறம் உன் இஷ்டம்!"

தூள்தூள் என்றதும் அவளுக்குக் கேள்வியெல்லாம் மறந்துபோனது.

மூன்றாவது கொத்தில் இப்போது ஒவ்வொரு முட்டையிலும் எட்டுத் துண்டு தெரிந்தது. கறுப்புப் பக்கம் சின்னச் சின்னதாக நான்கு. வெளுப்புப் பக்கம் கொஞ்சம் பெரிதாக நான்கு. "என் கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கங்க!" என்று அழுதுகொண்டே அதையும் முதுகில் ஏற்றினாள். திரும்பிப் பார்த்தபோது மூன்று தண்டும் மொட்டையாக நின்றன. அவளுக்கு என்னவோபோல் இருந்தது. ஆனாலும் நீந்தினாள்.

"அண்ணே! மருதமுத்து அண்ணே! சீக்கிரம் வாங்க! உடைஞ்ச முட்டை எட்டாப் போயிடுச்சு!"

அவள் போட்ட சத்தத்தில் வளைக்குள் தூங்கிக்கொண்டிருந்த மருதமுத்துவின் மனைவி அங்காயி விழித்துக்கொண்டாள். அவளும் அப்போது முட்டைக்காரி. பெண் நண்டுக்கு வயிற்றடியில் ஒரு மூடி இருக்கும். அதற்குள்தான் முட்டைகளை வைத்துச் சுமப்பாள். அவளுக்கும் அது தலைச்சன் ஈடு. இரண்டு நாளாக அசதியில் உள்ளறையிலேயே கிடந்தவள், கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"என்ன ஆச்சு செங்கமலம்? எதுக்கு இப்படிக் கத்துற?"

"மதினி, இடி இடிச்சதுல என் முட்டையெல்லாம் விரிசல் விட்டுப்போச்சு. அண்ணன்தான் புண்ணியத்துக்கு ஒட்டுப்போட்டுத் தர்றாங்க. உடைஞ்சதை வச்சிருந்தா அழுகி மத்ததும் போயிடுமாமே!"

"இடியிலயா!" அங்காயிக்குத் திக்கென்றது. "நானும் அந்த இடியைக் கேட்டேனே!"

சட்டென்று வயிற்றடி மூடியைத் திறந்து குனிந்து பார்த்தாள். அவள் முட்டைகளிலும் கோடு!

"ஐயோ, என்னங்க! நம்ம முட்டையும் உடைஞ்சுபோச்சுங்க! கோடு கோடா நிக்குது! இந்தாங்க, முதல்ல நம்மளுக்கு ஒட்டுப்போடுங்க! இதோ, வழிச்சுத் தர்றேன்!"

கொடுக்கை விரித்து வயிற்றடிக்குள் விட்டாள்.

"ஏய்! கையை எடு!" மருதமுத்து அலறிக்கொண்டு பாய்ந்தான். "தொடாத! ஒண்ணும் உடையல!"

"உடையலையா? கண் முன்னால கோடு தெரியுது! அழுகினா எல்லாம் போச்சுன்னு நீங்கதானே அவகிட்டச் சொன்னீங்க? விடுங்க என்னை!"

மருதமுத்து செங்கமலத்தைப் பார்த்தான். மனைவியின் கொடுக்கைப் பார்த்தான். அது முட்டைகளின்மேல் மூடப்போனது. இன்னும் ஒரு நொடி பேசாமல் இருந்தால் அவன் பிள்ளைகள் அத்தனையும் மண்ணில் விழும்.

"உடையல அங்காயி, வளருது!" என்று கத்திவிட்டான். "முட்டை முதல்ல ஒரே ஒரு அறை. நடுவுல கரு இருக்கு. பிள்ளையை எப்படிச் செய்யணும்னு அதுக்குத்தான் தெரியும். முதல்ல அந்தக் கரு தன்னை மாதிரியே இன்னொண்ணை உண்டாக்கும். ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கும். அப்புறம்தான் நடுவுல சவ்வு இறங்கி ரெண்டு அறையா ஆகும். அதுதான் அந்தக் கோடு! ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். அதுலருந்துதான் காலு, கண்ணு, கொடுக்கு எல்லாம் வரும். ஒரு சொட்டு ஒழுகாது. நான் சொல்றேன், கையை எடு!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? எத்தனை தவளை முட்டையைக் கடிச்சுப் பார்த்திருக்கேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

அங்காயி கொடுக்கை மெல்ல வெளியே எடுத்தாள். மூடியைச் சாத்தினாள். "அப்போ... இவ முட்டையும் உடையலையா?" என்று கேட்டாள்.

மருதமுத்து கண் இரண்டையும் குழிக்குள் இழுத்துக்கொண்டான்.

"அண்ணே" என்றாள் செங்கமலம். "நான் கொண்டுவந்து குடுத்த ரெண்டு கொத்து?"

மருதமுத்து ஓரடி பின்னால் நகர்ந்தான். வாயோரத்துக் கூழ் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

தானே சுமந்து வந்தோமே! ஒழுகவில்லை என்று கண்ணால் பார்த்தோமே! பானை மாதிரி உடையவில்லை என்று வாயால் கேட்டோமே! அவன் ஏதோ சொன்னான் என்று கையில் கொடுத்தோமே! செங்கமலத்துக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் முதுகில் மூன்றாவது கொத்து ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவாவது மிஞ்ச வேண்டும். ஒரே தாவில் தண்ணீருக்குள் பாய்ந்தாள்.

நடுத் தண்டில் அந்தக் கொத்தை மறுபடி ஒட்டவைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எட்டு பதினாறு ஆனது. பதினாறு முப்பத்திரண்டு ஆனது. முட்டை என்னவோ அதே கடுகளவுதான்; உள்ளேதான் அறைகள் பெருகிக்கொண்டே போயின. பள்ளிக்கூடத்தில் செல் என்று படிக்கிறோமே, அந்த அறைகள்தான் அவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சவ்வு, உட்கரு என்று படிக்கிறோமே அந்தக் கரு, பங்குக்குக் கொஞ்சம் சாப்பாடு. ஒவ்வொரு கோடு விழும்போதும் அவளுக்குப் பகீரென்றது. ஆனாலும் இடத்தை விட்டு அசையவில்லை.

பிறகு கோடுகளே காணாமல்போய், முட்டைகள் மறுபடி வழவழவென்று ஆகிவிட்டன. அறைகள் அவ்வளவு சின்னதாகிவிட்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு அது புரிந்தால்தானே!

"ஐயோ, இப்பக் கோட்டைக் காணோமே!" என்று பதறினாள். அந்த வழியாகப் போன ஒரு கெண்டை மீன், "என்னம்மா, முட்டை கெட்டுப்போச்சா? வேணும்னா நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டது.

செங்கமலம் அதன் வாயைப் பார்த்தாள். "வேண்டாம். நீ உன் வழியைப் பார்த்துக்கிட்டுப் போ!" என்றாள்.

மறுநாள் வெயில் வந்தபோது முட்டைகள் நீண்டிருந்தன. அன்று சாயங்காலம் ஒன்று கூழுக்குள் துடித்தது. அதற்கும் மறுநாள் ஒரு வால் கூழைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று, அதற்குப் பின்னால் நூறு! தலைப்பிரட்டைகள் அவளைச் சுற்றிச் சுற்றி நீந்தின. அவள் சிரித்தாள், அழுதாள், என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் கத்தினாள்.

அங்காயி மருதமுத்துவை விட்டு எதிர்க்கரைக்குப் போய்த் தனியாக ஒரு வளை தோண்டிக்கொண்டாள். "தன் பிள்ளைங்களுக்காக மட்டும் உண்மையைச் சொல்ற புருஷன் எனக்கு வேண்டாம்" என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனாள். மருதமுத்து பழைய வளை வாசலில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறான். "என்ன தங்கச்சி, முகமே சரியில்லையே?" என்று போகிற வருகிற தவளைகளையெல்லாம் கேட்கிறான். யாரும் நிற்பதில்லை.

செங்கமலத்தின் பிள்ளைகளுக்குக் கால் முளைத்தது. வால் குறைந்தது. மொட்டையாக நின்ற அந்த இரண்டு தண்டுகளுக்கு நடுவில்தான் அவை ஓடிப்பிடித்து விளையாடின. அந்தத் தண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் அவள் மட்டும் பிள்ளைகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துக்கொள்வாள்.

புரியாத ஒன்று நடந்து பயம் வரும்போது கண்ணால் கண்டதை நம்ப வேண்டுமே தவிர, நம் பயத்தால் வயிறு நிரம்புகிறவனிடம் போய் யோசனை கேட்கக் கூடாது.