வாசலைப் பார்த்து ஓடிய பாரிஸ் ஆறு

கோயம்புத்தூரில் மரகதம் என்றொரு கெட்டிக்காரி. எந்த வெளிநாட்டு ஓவியத்தையும் அசல் போலவே கையால் வரைந்து தருவாள். பாரிஸ் நகரத்துப் பாலமொன்றைப் புள்ளி புள்ளியாகத் தீட்டிய பழைய ஓவியத்தை மில் அதிபர் பொன்னுரங்கம் கேட்டார். தன் ஓட்டல்களுக்கும் பிரதிகள் வேண்டும் என்றார். முதல் படத்தைக் கொண்டுவந்து அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

உடன் வந்திருந்த வாஸ்து பார்க்கிறவர் பதறினார். "பாலத்துக்கடியில தண்ணி வாசலைப் பார்த்து ஓடுதுங்க! செல்வமெல்லாம் வெளிய போயிரும்!"

பொன்னுரங்கம் உறுமினார். "அம்மிணி, ஆறு வீட்டுக்குள்ள ஓடோணும். ஆனா அசல்ல இருந்து ஒரு புள்ளி மாறக்கூடாது. முடியாட்டி ஒரு படமும் வேண்டாம், எடுத்துட்டுப் போ!"

மரகதம் படத்தைக் கழற்றினாள். நேரே எதிர்ச்சுவருக்குப் போய், அங்கே தொங்கிய பொன்னுரங்கத்தின் பெரிய போட்டோவை மறைத்துப் பிடித்தாள். முன்பு இடப்பக்கம் இருந்த வாசல், அந்தச் சுவரைப் பார்த்து நின்றால் வலப்பக்கம். அதே ஆறு வீட்டுக்குள் ஜம்மென்று ஓடியது! வாஸ்துக்காரரே கைதட்டிவிட்டார்.

"அது என்ற போட்டோ இருக்கற இடமாச்சே!" என்று அலறினார் பொன்னுரங்கம்.

"ஆத்தைத் திருப்பறதுதானுங்க கஷ்டம்," என்றாள் மரகதம். "உங்களை இறக்க ஒரு ஸ்டூல் போதுமுங்க."