ஆற்றங்கரையில் அரசனின் ஆசனம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஆப்பிரிக்காவில் பாலைவனம் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில் கொம்பாரா என்றொரு நாடு இருந்தது. அதைப் பகாரி என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. யாராவது கொஞ்சம் புகழ்ந்துவிட்டால் போதும், தலைகால் புரியாது.

அந்த நாட்டில் உப்பும் கிடையாது, தங்கமும் கிடையாது. வடக்கேயிருந்து ஒட்டகக்காரர்கள் உப்புப் பாளங்களைக் கொண்டுவருவார்கள். தெற்கே ஆற்றுக்கு அக்கரையில் இருந்த காட்டு நாட்டாரிடம் தங்கம் உண்டு, உப்பு இல்லை. நடுவில் உட்கார்ந்துகொண்டு உப்பை அங்கே தள்ளி, தங்கத்தை இங்கே தள்ளிக் கொம்பாரா கொழுத்தது.

அந்த வியாபாரம் நடக்கும் விதமே தனி. கொம்பாராக்காரர்கள் ஆற்றங்கரையில் உப்பைக் குவியல் குவியலாக வைத்து, முரசு அடித்துவிட்டுக் குன்றுக்குப் பின்னால் போய்விடுவார்கள். காட்டு நாட்டார் படகில் வந்து ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் தங்கத்தூளை வைத்துவிட்டு, தாங்களும் முரசு அடித்துவிட்டுப் போவார்கள். விலை பிடித்தால் கொம்பாராக்காரர்கள் தங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் தொடாமல் திரும்ப வேண்டும். காட்டு நாட்டார் மறுபடி வந்து இன்னும் கொஞ்சம் வைப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனாலேயோ என்னவோ, தலைமுறை தலைமுறையாக ஒரு சண்டையும் வந்ததில்லை!

இதைக் கெடுத்த புண்ணியவான் கந்தியா என்ற அரசவைப் பிரபு. வியாபாரத்தைக் கவனித்துவந்த அமைச்சர் தெனின் என்ற பெண்மணியைக் கண்டாலே அவனுக்கு வயிற்றெரிச்சல்.

"அரசே, அக்கரைக்காரர்கள் உங்கள் உப்பைத் தின்கிறார்கள். ஒருநாளாவது உங்கள் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டதுண்டா?" என்று ஏற்றிவிட்டான்.

"அட, ஆமாம்!" என்றான் அரசன்.

தெனின் எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள். கேட்டால்தானே? அவர்கள் வந்து கும்பிடட்டும் என்று அரசன் குடையும் கொம்பு வாத்தியமுமாகப் போய், உப்புக்கு நடுவில் ஆசனத்தைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அக்கரையில் ஓர் இலைகூட அசையவில்லை. கொசுக்கள் மட்டும் திரளாக வந்து மரியாதை செலுத்தின.

அரசன் அரண்மனைக்குத் திரும்பிய பிறகு எத்தனை தடவை முரசடித்தும் பதில் இல்லை. அன்றைக்கு நின்ற வியாபாரம் நின்றதுதான். உப்பு மலைபோல் குவிந்தது. "தங்கம் இல்லையென்றால் நாங்கள் வேறு நாட்டுக்குப் போகிறோம்" என்று ஒட்டகக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அரசனுக்கு உதறல் எடுத்தது, ஆனால் வீறாப்பு மட்டும் குறையவில்லை.

"தெனின், மழை வந்து உப்பு கரைவதற்குள் அக்கரைக்காரர்கள் வந்தாக வேண்டும். ஆனால் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். தூதும் அனுப்ப மாட்டேன்."

"முடியாவிட்டால் அம்மணி பாலைவனத்துக்குப் போய் உப்புப் பாளம் வெட்டட்டும்" என்று குறுக்கே விழுந்தான் கந்தியா. "அமைச்சர் பதவி என்ற சுமையை நான் சுமந்துகொள்கிறேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

உப்பு வெட்டப் போனவர்கள் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் தெனின் பயத்தை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் சிரித்தாள்.

"அரசே, நீங்கள் வாயே திறக்க வேண்டாம். உங்கள் ஆசனத்தை மட்டும் கொடுங்கள். உப்போடு உப்பாகக் கரையில் வைக்கிறேன்."

"என் ஆசனத்தை விற்பதா!"

"யார் விற்கச் சொன்னது? விலை பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்து வந்துவிடலாம். அக்கரையில் உங்களுக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்ள ஆசையில்லையா?"

ஆசை இல்லாமல் இருக்குமா? அரசனுக்கு அப்போதே கை பரபரத்தது. "படகு நிறையத் தங்கம் வைப்பார்கள், பார்!" என்றான்.

"ஆனால் நீங்களும் குன்றுக்குப் பின்னால் வர வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது."

கரையில் உப்பை வைத்தார்கள். நடுவில் வெறும் ஆசனம். முரசு முழங்கியது. அரசன் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் குன்றைத் தாண்டி ஓடினான். வெயில் ஏறியது. தெனினின் கண்ணெதிரே பாலைவனம் வந்து வந்து போயிற்று. கடைசியில் ஆற்றுப் பக்கமிருந்து பதில் முரசு கேட்டது!

ஓடிப் போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு உப்புக் குவியலுக்கும் பக்கத்தில் தங்கம் மின்னியது. ஆசனத்தின் மேல் பச்சைத் தழைகளால் ஒரு பந்தல். பக்கத்தில், பாக்குப் போல மெல்லுகிற கோலாக் கொட்டை, ஒரே ஒன்று.

"ஒரு கொட்டையா?" என்று துள்ளினான் கந்தியா. "அரசே, அவமானம்! படையைக் கிளப்புங்கள்!"

அரசனின் கை வாளுக்குப் போனது. தெனின் குறுக்கே வந்து நின்றாள்.

"அரசே, உங்கள் அரண்மனைக்கு விருந்தாளி வந்தால் முதலில் என்ன கொடுப்பீர்கள்?"

"கோலாக் கொட்டைதான். இது சின்னக் குழந்தைக்கும் தெரியுமே!"

"விற்க வந்த உப்புக்கு விலை வைத்தார்கள். ஆசனத்துக்கு விலையே வைக்கவில்லை. அதில் உட்காருகிறவருக்கு உபசாரம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெயில் படக் கூடாதென்று தழையும் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நீங்கள் எழுந்திருக்காததால் அவர்கள் வரவில்லை. இன்றைக்கு எழுந்து போய்விட்டீர்கள் என்பதை வெறும் ஆசனமே சொல்லிவிட்டது, வந்துவிட்டார்கள்."

அரசன் தழைப் பந்தலைத் தொட்டுப் பார்த்தான். கோபம் போன இடம் தெரியவில்லை.

"அப்படியானால் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேனா?"

"நீங்கள்தான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே, அரசே!"

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். கொட்டையைப் பிட்டு ஒரு துண்டைத் தன் வாயில் போட்டான், ஒன்றைத் தெனினுக்குக் கொடுத்தான். மூன்றாவதை, யாரும் சொல்லாமலே, அக்கரைக்காரர்களுக்கென்று கரையில் வைத்தான்.

"வடக்கு, தெற்கு இரண்டு நாட்டு உறவும் இனி உன் பொறுப்பு. நான் தலையிட்டால் என்னையும் குன்றுக்குப் பின்னால் துரத்து" என்றான். பிறகு திரும்பினான். "கந்தியா, அடுத்த சந்தையில் உப்புக்கு நடுவில் நீ உட்கார். உனக்கு என்ன வைக்கிறார்கள் என்று பார்ப்போம்."

கந்தியா தடாலென்று காலில் விழுந்தான்.

"அரசே, வேண்டாம்! ஒன்றுமே வைக்காமல் போய்விட்டால் நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்?"

அரசன் மனமிரங்கி முரசைத் தூக்கிக் கையில் கொடுத்தான். அன்று முதல் சந்தைதோறும் முரசடித்தது கந்தியா. முரசு கேட்டதும் எல்லோருக்கும் முன்னால் குன்றுக்குப் பின்னால் ஓடியது அரசன். கொம்பாராவில் உப்புக்கும் தங்கத்துக்கும் அதன் பிறகு குறைவே இல்லை.