இழுத்துப் பார்த்த தகடு

தேவசகாயத்துக்குத் தலை நரைத்துவிட்டது. அவருக்குக் குருவாக வாய்த்த மெஹருன்னிசாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். வித்தைக்கு வயது ஏது? பேட்டரி ஆலையில் அவரிடம் லேசர் வெல்டிங்கைக் கண்காணிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். உடம்பு ஒரகடத்தில் இருந்தது. மனசோ, ஒரு சின்ன வாய்த்தகராறில் கோபித்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போய்விட்ட மனைவி செலினிடம் கிடந்தது.

லேசர் படும்போது எழும் வெளிச்சத்தையும் சத்தத்தையும் சென்சார்கள் பிடிக்கும். அதை வைத்து, பேட்டரித் தகடுகளுக்கு இடையே ஒட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று கணினி ஊகித்துச் சொல்லும். அன்று ஒரு தகட்டுக்கு மஞ்சள் விளக்கு எரிந்தது.

"சந்தேகம்னு சொல்லுது மேடம். இத்தனை ஆயிரம் ஒட்டைப் பார்த்துப் படிச்சும் இதுக்கு நிச்சயமாத் தெரியாதா?"

"வெளியிலேர்ந்துதானே சார் பார்க்குது."

"என் கதையும் அதுதான். தினம் சாயங்காலம் செலின் போன் பண்ணுவா. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பா. எப்ப வர்றேன்னு மட்டும் வாயே திறக்க மாட்டா."

அந்தக் குரல் கொஞ்சம் தாழ்ந்தால் போதும், மனிதருக்கு அன்று சோறு இறங்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் இல்லாத வீட்டின் பூட்டைத் திறக்கவே அவருக்குக் கை வரவில்லை.

"இன்னிக்குப் போன் வந்தா, 'நீ இனிமே வர வேண்டாம், பிரிஞ்சிடலாம்'னு சொல்லப்போறேன். சும்மாதான் மேடம். பதறினான்னா, அவ மனசுல நான் இருக்கேன்னு தெரிஞ்சிடும்ல? சொல்லிப் பார்க்கலாமா?"

மெஹருன்னிசா மஞ்சள் விளக்கு எரிந்த தகட்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதை இழுத்துப் பாருங்க சார்."

தேவசகாயம் அதை, ஒட்டின் பலத்தை இழுத்துச் சோதிக்கும் இழுவை இயந்திரத்தில் மாட்டி ஓட்டினார். திரையில் இழுவிசையின் எண் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தகடுதான் கிழிந்தது. ஒட்டு விடவில்லை.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாருங்க மேடம்! தகடே கிழிஞ்சிபோச்சு, ஒட்டு அசையல. என்னா பிடிப்பு!"

"நல்ல ஒட்டா?"

"முதல் தரம்!"

"சந்தேகம் தீர்ந்துச்சா?"

"தீர்ந்துச்சு மேடம், துளிகூட பாக்கி இல்ல."

"சரி சார். அந்தத் தகட்டைக் கொண்டுபோய் பேட்டரியில மாட்டிட்டு வாங்க."