எந்த எண் போட்டால் என்ன

அந்த ஆஸ்பத்திரியின் ஆவண அறையில் ஜமீலாதான் குரு. வயது முப்பத்தொன்று. சீடர் தவசிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு. இருபது வருடம் மருந்துக் கடையில் நின்று கால் தேய்ந்துபோய், உட்கார்ந்து செய்கிற வேலையாயிற்றே என்று, நோய்களுக்குக் குறியீட்டு எண் போடக் கற்க வந்தவர்.

ஒரே மாதத்தில் வேகம் பிடித்துவிட்டார். அதுதான் வினையாயிற்று.

ஒரு நாள் காலை ஜமீலா அவர் முடித்த கோப்பு ஒன்றைப் பிரித்தார்.

"அண்ணாச்சி, சிறுநீர்க் குழாய் அடைப்பு, காரணம் குறிப்பிடலைங்கிற எண்ணைப் போட்டிருக்கீங்க. ஸ்கேன்ல கல்லுன்னு இருக்கே?"

"டாக்டர் வெறும் அடைப்புன்னுதான எழுதிருக்காரு. ஸ்கேனைப் பார்த்து நாமளா முடிவு பண்ணக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லித் தந்தீங்க."

"டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கணும்னும் சொன்னேனே."

"அதுக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல அரை நாள் காத்துக் கெடக்கணும், மேடம். வைத்தியம் முடிஞ்சிட்டு. வீட்டுக்குப் போற ஆளுக்கு எந்த எண் போட்டா என்ன?"

ஜமீலா கோப்பை அவர் கையிலேயே கொடுத்து வார்டுக்கு அழைத்துப் போனார்.

கட்டிலில் பேச்சித்தாய் பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பீடி சுற்றிப் பிழைக்கிறவர்.

"உங்களுக்கு என்ன செஞ்சாங்கன்னு இவர்கிட்ட சொல்லுங்கம்மா" என்றார் ஜமீலா.

"கல்லு அடைச்சு கிட்னி வீங்கிட்டுய்யா. உள்ள ஒரு குழாய் வச்சிருக்காவ. ஆறு வாரத்துல திரும்ப வந்து எடுக்கணுமாம். விட்டா அதுவே அடைச்சு கிட்னியைக் கெடுத்துருமாம். எனக்கு எழுத்து தெரியாது, தேதியும் நிக்காது. ஆஸ்பத்திரியில இருந்தே போன் போட்டுக் கூப்பிடுவோம்னு நர்ஸம்மா சொல்லிருக்கு."

அப்படிப் போன் போட்டுக் கூப்பிட வேண்டியவர்களின் பட்டியலை எடுத்துக் கொடுப்பது அவர்களுடைய அறைதான். கல்லடைப்பு எண் உள்ள பெயர்களை மட்டும் கணினி பொறுக்கித் தரும். தவசிமுத்து அதை முதல் நாளே பார்த்திருக்கிறார். பாவம், வேகத்தில் மறந்துபோயிருந்தார்.

அவர் கோப்பைப் பிரித்து, தான் போட்ட எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன் வந்துரும்லா?" என்று கேட்டார் பேச்சித்தாய்.

தவசிமுத்து ஜமீலாவைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்காங்க, அண்ணாச்சி."

அவர் கோப்பை மூடிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டர் இருக்கும் பக்கமாக நடந்தார்.